எந்த ஜீன்ஸ் வாங்கினாலும் கவட்டையில் கிழிகிறது. நல்ல ஜீன்ஸைக் கடையிலேயே கண்டுபிடிப்பது எப்படி?

பம்ப்செட்காரன், பெருந்துறை

வணக்கம்ங்க. எனக்கு போர்வெல் மோட்டார் சர்வீஸ் வேலை. பெருந்துறை, சென்னிமலை, ஊத்துக்குளி, காங்கேயம் என்று நாள் முழுக்க பைக்கில் அலைச்சல். தோட்டத்துக்குப் போனால் குத்த வைத்து உட்கார்ந்து ஸ்டார்ட்டர் பெட்டியைப் பிரிக்கணும், சேற்றில் இறங்கி பைப்பைத் தூக்கணும். அதனால் ஜீன்ஸ்தான் போடுகிறேன்.

பிரச்சினை என்னவென்றால், எதை வாங்கினாலும் கவட்டையில்தான் போகிறது. முதலில் துணி நைந்து வெளுப்பாகத் தெரியும். அப்புறம் ஒரு நாள் பைக்கில் காலைத் தூக்கிப் போடும்போது சர்ரென்று கிழியும். முழங்கால், பின்பக்கம், அடிமடிப்பு எல்லாம் நன்றாகவே இருக்கும். ஈரோட்டில் பெரிய ஷோரூமில் விலை கொடுத்து வாங்கியதும் இப்படித்தான் போனது. திருப்பூர் காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் என்று வாங்கியதும் இப்படித்தான்.

கடையில் கேட்டால் "துணி ஹெவி சார், கவலைப்படாதீங்க" என்கிறார்கள். கனமாக இருந்தால் நல்ல ஜீன்ஸா? விலையா? பிராண்டா? ஸ்ட்ரெச் வாங்கலாமா, கூடாதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

கோவை இண்டிகோ

செல்வெட்ஜ் வாங்குங்க ப்ரோ. காலை மடித்தால் உள்ளே வெள்ளைக் கரையில் சிவப்பு நூல் ஓடணும். பழைய ஷட்டில் தறியில் நெய்த துணிக்குத்தான் அந்தக் கரை வரும். ஜப்பானில் ஒக்கயாமா பக்கம் கொஜிமாவில் செய்கிறதுதான் இப்போது உலகத்திலேயே பெயர் பெற்றது. அமெரிக்காவில் கிரீன்ஸ்பரோவில் இருந்த கோன் மில்ஸின் ஒயிட் ஓக் ஆலை 2017 கடைசியில் மூடிவிட்டார்கள், அதுவும் நல்ல துணி. 14 அவுன்ஸ் கனத்துக்குக் கீழே தொடாதீங்க. வாஷ் பண்ணாத ரா டெனிமா வாங்கி, ஆறு மாசம் துவைக்காமப் போடுங்க. உங்க உடம்புக்கு ஏற்ற மாதிரி வெளுக்கும்.

பாவுநூல், ஈரோடு

பெருந்துறைத் தம்பிக்கு,

நான் ஈரோட்டில் ஆல்ட்ரேஷன் கடை வைத்திருக்கிறேன். திருப்பூரில் செக்கிங் டேபிளில் பிசிறு வெட்டுவதில் ஆரம்பித்தவள். பிறகு பெங்களூரில் ஜீன்ஸ் தைக்கிற கம்பெனியில் பல வருடம் க்யூசி (தரச் சோதனை) பார்த்தேன். திருப்பூர் பனியன் ஊர், அங்கே பின்னல் துணிதான் எல்லாம். ஜீன்ஸ் தறியில் நெய்த துணி, அந்த வேலை முழுக்க வேறு. புது ஜீன்ஸை அவ்வளவு பார்த்தும், எது நல்லது என்று எனக்குத் தெளிவாகக் காட்டியவை இப்போது கடைக்கு வருகிற கிழிந்த ஜீன்ஸ்கள்தான். எங்கே கிழிந்தது என்பதை விட எப்படிக் கிழிந்தது என்று பார்க்கணும். உங்கள் பழைய ஜீன்ஸ் ஏதாவது இருந்தால் வெயிலில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

ஜீன்ஸ் துணியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் நீலம், குறுக்கே போகிற ஊடை நூல் வெள்ளை. ஒவ்வொரு பாவு நூலும் மூன்று ஊடைக்கு மேலே போய் ஒன்றுக்குக் கீழே இறங்கும். அதனால்தான் வெளியே நீலம், உள்ளே வெளுப்பு, மேலே சாய்வு வரி. உரசல் எல்லாம் மேலே நிற்கிற நீல நூலுக்குத்தான். நியாயமாக உழைத்துத் தேய்ந்த ஜீன்ஸில் நீல நூல் முதலில் போகும், வெள்ளை ஊடை மட்டும் ஏணிப்படி மாதிரி குறுக்கே நிற்கும். உங்கள் கிழிசல் அப்படி இருந்தால் துணியின் மேல் பெரிய குறை சொல்ல முடியாது. தேய்மானத்தில் போயிருக்கிறது.

ஆனால் எனக்கு வருவதில் நிறைய அப்படி இருக்காது. நீலம், வெள்ளை இரண்டும் ஒன்றாகவே அறுந்து, ஓரத்தில் பளபளவென்று மெல்லிய இழைகள் சுருண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கையில் பிடித்து இழுத்தால் ரப்பர் போல நீளும். அதுதான் எலாஸ்டேன், ஸ்ட்ரெச்சுக்குப் போடுகிற இழை. ஊடை நூலின் நடுவில் அதை வைத்து மேலே பருத்தியைச் சுற்றியிருப்பார்கள். தொடை இறுக்கமாக இருந்து தினமும் இழுபட்டால், சுற்றியிருக்கிற பருத்தி விலகி நடு இழை வெளியே வந்துவிடும். ப்ளீச்சிங் பவுடர், கொதிக்கிற தண்ணீர், சூடான இஸ்திரி மூன்றும் அந்த இழைக்கு எமன். அது செத்த பிறகு முழங்காலில் துணி உப்பி நிற்கும், பழையபடி திரும்பாது.

மூன்றாவது வகைதான் எனக்கு மனசு வலிக்கிறது. பார்க்கப் புத்தம் புது ஜீன்ஸ். தொடைக்கு மேலே, இடுப்பிலிருந்து கவட்டைக்கு விசிறி விரித்த கோடுகளாக வெளுத்து வைத்திருப்பார்கள், வாஷிங் யூனிட்டில் விஸ்கர் என்பார்கள். அந்த வெளுத்த கோட்டின் மேலேயே நேராகக் கிழிந்திருக்கும். ஓரத்தில் பஞ்சு இருக்காது, பிசிறு இருக்காது. ஒரு நூலை எடுத்து இரண்டு விரலால் இழுத்தால் எதிர்ப்பே இல்லாமல் பிரிந்து வரும். அது தேய்ந்த துணி இல்லை, வாஷிலேயே பலம் போன துணி. பொட்டாசியம் பெர்மாங்கனேட் அடித்து வெளுக்கிறார்கள். அடித்த பிறகு அதைச் சரியாக முறித்து அலசாவிட்டால் பருத்தி பாழாகும். லேசரில் எரிப்பதும் அளவு மீறினால் இதே கதிதான். பியூமிஸ் கல் போட்டு மணிக்கணக்கில் உருட்டுவதும் அப்படியே. கடையில் தொட்டால் வெண்ணெயாக இருக்கிற புது ஜீன்ஸ் பலது, அந்த மென்மையைத் தன் ஆயுளைக் கொடுத்து வாங்கியிருக்கிறது. நீங்கள் போட்டுத் தேய்க்க வேண்டியதை அவர்களே தேய்த்துவிட்டு உங்களிடம் விற்கிறார்கள்.

இன்னொன்று தையல். துணி நன்றாக இருக்கும், தையல் ஓட்டைகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து அந்த வரிசையிலேயே பிரிந்திருக்கும். ஊசி மழுங்கினால் நூலை விலக்காமல் வெட்டிவிடும். அங்குலத்துக்கு ஏழெட்டுத் தையல் போதும். நெருக்கமாகப் போட்டால் பலம் என்று நினைப்பார்கள், கெட்டித் துணியில் அது ஓட்டை வரிசைதான்.

சரி, உங்கள் கவட்டை. முன் ரைஸ், பின் ரைஸ் (கவட்டையிலிருந்து இடுப்புக்கு ஏறுகிற தையல்), இரண்டு உள்கால் தையல் என்று நாலும் வந்து சேர்கிற இடம் அது. அங்கே துணி மடங்கி மடங்கி மேடு கட்டியிருக்கும். பைக் சீட் அந்த மேட்டைத்தான் தேய்க்கிறது, வியர்வை உப்பும் அங்கேதான். அதனால் ஜீன்ஸின் தரத்தைப் பேசும்போது துணியை வெட்டிய விதத்தையும் சேர்த்துத்தான் பேசணும். ரைஸ் குட்டையான, இடுப்புக்குக் கீழே நிற்கிற மாடல் உங்கள் வேலைக்கு ஆகவே ஆகாது. குத்த வைக்கும்போது முழு இழுப்பும் அந்த நாலு தையலுக்குப் போகும். கவட்டை ரொம்பத் தொங்கினாலும் கெடுதல்தான், நடக்கும்போது இரண்டு தொடைத் துணியும் உரசிக்கொண்டே இருக்கும். ட்ரையல் ரூமில் நின்று கண்ணாடி பார்க்கிறார்கள் எல்லோரும். நீங்கள் உள்ளே ஒரு முறை முழுதாகக் குத்த வையுங்கள். பின் பட்டி முதுகை விட்டு இறங்கினாலோ, தொடையில் துணி விறைத்தாலோ அதை அங்கேயே விட்டுவிடுங்கள், விலை எதுவாக இருந்தாலும் சரி.

இதில் ஒரு பழைய கதை உண்டு. ஜீன்ஸுக்கு ரிவெட் அடித்தவர் ஜேக்கப் டேவிஸ், அமெரிக்காவில் நெவாடா மாநிலம் ரீனோ ஊரில் தையல்காரர். கூலி வேலை செய்கிறவர்களின் பேன்ட் பாக்கெட் ஓரத்திலேயே கிழிவதைப் பார்த்துத்தான் அங்கே செம்பு ரிவெட் அடித்தார். தனக்குத் துணி விற்கிற கடைக்காரர் லீவை ஸ்ட்ராஸோடு சேர்ந்து 1873 மே 20 அன்று காப்புரிமை வாங்கினார். கிழிகிற இடத்தைப் பார்த்துச் செய்த வேலை அது, அதனால்தான் இத்தனை வருடம் நின்றது. அந்தக் காலத்தில் கவட்டையிலும் ஒரு ரிவெட் இருந்தது, இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அதை எடுத்துவிட்டார்கள்.

இனி கடையில் என்ன பார்க்கணும் என்றால், முதல் வேலை ஜீன்ஸை உள்பக்கம் திருப்புவது. உள்கால் தையலைப் பாருங்கள். இரண்டு துணியும் ஒன்றுக்குள் ஒன்று மடிந்து, வெட்டு ஓரமே தெரியாமல் இரட்டை வரி ஓடினால் நல்லது. வெறும் ஓவர்லாக் போட்டு விட்டிருந்தால் கெட்டது என்று சொல்ல மாட்டேன், காலின் வெளிப்பக்கத் தையலில் அது போதும். ஆனால் கவட்டை வழியாக ஓடுகிற தையலில் நான் மடிப்பைத்தான் எதிர்பார்ப்பேன். அடுத்து பாக்கெட் பை. வெளித்துணியில் காசு போட்டுவிட்டு இங்கே கொசுவலை மாதிரித் துணி வைத்து மிச்சம் பிடிப்பார்கள். உங்களுக்கு ஸ்பேனர், டெஸ்டர் எல்லாம் பாக்கெட்டில் போகும். கெட்டியான ட்வில் துணியில், ஓரம் மடித்துத் தைத்த பை வேணும். பெல்ட் லூப்பின் மேல் முனை பட்டிக்குள் சொருகித் தைத்திருக்கிறதா, வெறுமனே மேலே வைத்து அடித்திருக்கிறதா பாருங்கள். பார்டேக் (பலத்துக்காக நெருக்கமாக அடிக்கிற குட்டைத் தையல்) அடித்த இடத்தில் துணி சுருங்கி ஓட்டை தெரிந்தால் அந்த மெஷினில் ஊசியைக் கவனிக்க ஆள் இல்லை என்று அர்த்தம்.

பிறகு காலை இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து, அடியிலிருந்து இடுப்பு வரை நீட்டிப் போடுங்கள். பக்கத்துத் தையல் நேராக ஓரத்தில் வரணும். சாய்வு நெசவு என்பதால் துவைத்த பிறகு துணி ஒரு பக்கமாகத் திருகும். நல்ல மில்லில் ஃபினிஷிங்கிலேயே துணியைச் சாய்த்து அதைச் சரிக்கட்டி அனுப்புவார்கள். அப்படிச் செய்யாத துணியில் தையல் வரி முன்னங்கால் எலும்பு மேலே வந்து நிற்கும். அதைத் திருத்த எந்த டைலராலும் முடியாது, என்னாலும் முடியாது.

செல்வெட்ஜ் பற்றிச் சொன்ன தம்பிக்கு: கரை அழகுதான், நானும் ரசிப்பேன். ஆனால் கரை என்பது ஷட்டில் தறியில் ஊடை நூல் அறுபடாமல் திரும்பி வருவதால் கிடைப்பது. சென்னிமலையில் கைத்தறிப் பெட்ஷீட்டுக்கும் கரை உண்டு. நூல் மட்டமாக இருந்தாலும் கரை வரும். அகலத் தறியில் நெய்த நல்ல டெனிமும் இருக்கிறது, கரை போட்ட சுமார் டெனிமும் இருக்கிறது. கரைத்துணி முப்பது அங்குலம் சொச்சம்தான் அகலம், ஒரு பேன்ட்டுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நீளம் வேணும், விலை ஏறுவதில் அதற்கும் பங்கு உண்டு. அப்புறம், போர்வெல் வேலை செய்கிறவரிடம் ஆறு மாசம் துவைக்காதே என்று சொல்லாதீங்க. சேறும் வியர்வை உப்பும் துணியில் தங்கினால் நூலை அரித்துத் தின்னும்.

பல்லடம் ஸ்பிண்டில்

அக்கா துணியையும் தையலையும் சொல்லிவிட்டார். நான் மில்லில் ரிங் ஃப்ரேம் (நூல் நூற்கிற மெஷின்) பக்கம் இருக்கிறவன், நூலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஜீன்ஸுக்கு மோட்டா நூல்தான், ஏழாம் நம்பர், பத்தாம் நம்பர் அந்த மாதிரி. நம்பர் குறைந்தால் நூல் தடிமன். ஒரு பவுண்டு நூலில் 840 கெஜம் நீளமுள்ள சிட்டம் எத்தனை வருகிறதோ அதுதான் நம்பர். இந்த நம்பரை ரிங்கிலும் ஓட்டலாம், ஓ.இ. என்கிற ஓப்பன் எண்ட் மெஷினிலும் ஓட்டலாம். ரிங்கில் பஞ்சு இழைகளை நீட்டி, ஸ்பிண்டில் சுற்ற முறுக்கேறும், இழைகள் நேராகப் படுத்து உள்ளே வரை முறுக்கு இருக்கும். ஓ.இ.யில் பஞ்சைத் தனித்தனி இழையாகப் பிரித்து ரோட்டருக்குள் எறிந்து நூலாக்குகிறோம். வேகம் ரொம்ப அதிகம், நூல் சீராக வரும், ஆனால் அதே நம்பர் ரிங் நூலை விடப் பலம் குறைவு, தொட்டால் கொஞ்சம் சொரசொரப்பு. ஓ.இ.க்குக் குட்டைப் பஞ்சும் ஓடும். பல்லடம், உடுமலை, சோமனூர் பக்கம் ஓ.இ. மில்களுக்கு வருவதே கோம்பர் கழிவும் (பஞ்சைச் சீவும்போது விழுகிற குட்டை இழை) திருப்பூர் கட்டிங் வேஸ்ட்டும்தான். அதை மட்டம் என்று நினைக்காதீங்க, கழிவைக் காசாக்கி எத்தனையோ குடும்பத்துக்குச் சோறு போடுகிற தொழில். ஆனால் கவட்டை தாங்கணும் என்றால் பாவாவது ரிங் நூலாக இருக்கணும்.

லேபிளில் இதை எவனும் எழுத மாட்டான். கண்டுபிடிக்க ஒரு வழி. ஜீன்ஸ் வாங்கிக் கால் நீளம் குறைக்கக் கொடுக்கிறபோது வெட்டுகிற துண்டை விடாமல் கேட்டு வாங்குங்க. அதிலிருந்து ஒரு நீல நூலை உருவி, இரண்டு கை நகத்திலும் பிடித்து முறுக்குக்கு எதிராகத் திருப்புங்க. ரிங் நூல் அப்படியே பிரிந்து இழை இழையாக நேராக வரும். ஓ.இ. நூல் பிரியாது. அங்கங்கே குறுக்கே சில இழை இறுக்கிச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருக்கும். பூதக்கண்ணாடி இருந்தால் இன்னும் தெளிவு.

பஞ்சு நீளம் பற்றிப் பெருமையாக எழுதியிருந்தால் அதை ரொம்ப நம்ப வேண்டாம். நம் கோயம்புத்தூரில் உருவான சுவின் பஞ்சு நாட்டிலேயே நீளமான ரகங்களில் ஒன்று. அதெல்லாம் நூறாம் நம்பர் நூலுக்கு, மெல்லிய சட்டைத் துணிக்கு. ஏழாம் நம்பருக்கு நல்ல நடுத்தரப் பஞ்சு, குப்பை இல்லாமல், கழிவு கலக்காமல் இருந்தால் தாராளம்.

பம்ப்செட்காரன், பெருந்துறை

அக்கா, அண்ணா, ரொம்ப நன்றிங்க. பழசு ஒன்றை எடுத்துப் பார்த்தேன். அக்கா சொன்ன மாதிரி பளபள இழை சுருண்டு நிற்கிறது. அப்படியென்றால் ஸ்ட்ரெச்சே வேண்டாமா? ஸ்ட்ரெச் இல்லாததைப் போட்டுக் குத்த வைக்க முடியுமா? சித்திரை வெயிலில் 14 அவுன்ஸ் போட்டால் தாங்காதே. கடையில் அவுன்ஸ் கேட்டால் ஒருத்தருக்கும் தெரியவில்லை. இன்னொன்று, மழையில் நனைந்தால் சீட்டெல்லாம் நீலமாகிறது, அது சாயம் மட்டமா?

பாவுநூல், ஈரோடு

ஸ்ட்ரெச்சை ஒதுக்க வேண்டாம் தம்பி. லேபிளில் எலாஸ்டேன் ஒரு சதவீதம் என்றால் உங்கள் வேலைக்கு நல்லது, இரண்டு வரை பார்க்கலாம். அதற்கு மேல் போனால், பாலியஸ்டரும் கணிசமாகக் கலந்திருந்தால் அது காலோடு ஒட்டுகிற ஃபேஷன் ஜீன்ஸ். முழுப் பருத்தியில் இடம் விட்டு வெட்டிய நேர்க்கால் ஜீன்ஸிலும் தாராளமாகக் குத்த வைக்கலாம், இந்த இழை எல்லாம் வருவதற்கு முன்னால் அதைப் போட்டுத்தான் சுரங்கத்திலும் மாட்டுப் பண்ணையிலும் வேலை செய்தார்கள். கவட்டையில் டைமண்ட் வடிவத்தில் தனித் துண்டு வைத்துத் தைத்த வேலை பேன்ட்டுகள் இருக்கின்றன. நாலு தையலும் ஒரே புள்ளியில் சேராது, பைக் ஓட்டுகிறவர்களுக்கு அதை விட நல்ல வெட்டு எனக்குத் தெரியாது. கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

ஸ்ட்ரெச்சைச் சோதிக்க, தொடைப் பக்கம் துணியைக் குறுக்காக ஒரு சாண் அகலத்துக்குப் பிடித்து நன்றாக இழுங்கள். சட்டென்று விடாமல் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்து, பிறகு விட்டுத் தட்டையாகப் போட்டுப் பாருங்கள். இழுத்த இடம் உப்பி நின்றால் முழங்கால் அதைவிட மோசமாக உப்பும். சமமாகத் திரும்பிவிட்டால் நல்ல துணி.

அவுன்ஸ் என்பது ஒரு சதுர கெஜத் துணியின் எடை. 12 அவுன்ஸ் என்றால் சதுர மீட்டருக்கு 400 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. நம் பக்கத்து வெயிலுக்கு 10, 11 அவுன்ஸில் நல்ல ரிங் நூல் துணி போதும், 12 வரை போகலாம். கனத்துக்கும் தரத்துக்கும் நேர் சம்பந்தம் இல்லை. மட்டமான துணியில் கஞ்சியையும் ஃபினிஷிங் மருந்தையும் ஏற்றிக் கனம் காட்டலாம், முதல் துவையலில் கரைந்து துணி தொளதொளத்துவிடும். துணியைக் கசக்கி, இரண்டு கையால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையாக மாவு உதிர்ந்தால் அந்தக் கனம் உங்களுக்குச் சொந்தமில்லை. கையில் எடை தெரியவில்லை என்றால் வெளிச்சத்துக்கு எதிரே ஒற்றைத் துணியாகப் பிடியுங்கள். நெசவுக்கு நடுவில் புள்ளி புள்ளியாக வெளிச்சம் வந்தால் பாவு நெருக்கம் இல்லை.

சாயம் போவது ஜீன்ஸின் இயல்பு. இண்டிகோ தண்ணீரில் கரையாது. காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோ என்கிற ரசாயனமும் போட்டு அதைக் கரைய வைக்கிறார்கள், அப்போது நிறம் மஞ்சள் பச்சையாக இருக்கும். நூலை அதில் முக்கி மேலே தூக்கினால் காற்றுப் பட்டு நீலமாகிறது. நூலைக் கயிறு கயிறாகத் திரட்டிப் பல தொட்டியில் மாறி மாறி முக்கி எடுப்பார்கள். இவ்வளவு செய்தும் சாயம் நூலின் மேல் தோலில்தான் நிற்கும், நடு நூல் வெள்ளையாகவே இருக்கும். ஜீன்ஸ் தேயத் தேய வெளுப்பு எட்டிப் பார்ப்பது அதனால்தான். நல்ல துணியிலும் இது நடக்கும். ஆனால் கடையில் வெள்ளைக் கர்ச்சீப்பை உலர்ந்தபடி பத்துத் தடவை தேய்த்தாலே கரும் நீலமாக அப்பினால், சாயம் போட்ட பிறகு சரியாக அலசவில்லை என்று அர்த்தம். ஈரத்தில் கொஞ்சம் வரத்தான் செய்யும், அதற்குப் பயப்பட வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் தனியாக இரண்டு முறை அலசிவிட்டுப் போடுங்கள், சீட்டில் ஒட்டுவது குறையும்.

நொய்யல் கரை, சென்னிமலை

சாயம் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். எங்கள் தோட்டம் நொய்யல் ஆற்றில் இருக்கிற ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே. பாசனத்துக்கென்று 1992இல் கட்டிய அணை, திருப்பூர்ச் சாயக் கழிவு தேங்கித் தேங்கி அந்தத் தண்ணீரே வேண்டாம், திறக்காதீர்கள் என்று நாங்களே போராடும்படி ஆனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, அதன் பிறகுதான் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத சுத்திகரிப்பு கட்டாயமாக நடைமுறைக்கு வந்தது. கிணற்றில் உப்பு இன்னும் போகவில்லை. தென்னை மட்டும்தான் நிற்கிறது. ஒரு பேன்ட் நல்ல பேன்ட்டா என்று கேட்கும்போது அதற்குச் செலவான தண்ணீரையும் யாராவது கேளுங்கள். தரம் என்றால் அதுவும் சேர்த்தித்தானே.

பாவுநூல், ஈரோடு

நியாயமான கேள்விங்க அண்ணா. சேர்த்திதான்.

நொய்யலில் வந்தது பெரும்பாலும் பனியன் துணிச் சாயம். ஜீன்ஸ் நீலம் டெனிம் மில்லிலேயே நூலுக்கு ஏற்றுகிறார்கள், அகமதாபாத் பக்கம் பெரிய மில்கள் இருக்கின்றன, நம் மேட்டுப்பாளையம் பக்கத்திலும் கேஜி டெனிம் உண்டு. ஆனால் ஜீன்ஸில் தண்ணீரும் கெமிக்கலும் இன்னொரு முறை போகிற இடம் வாஷிங். புதுசைப் பழசாகக் காட்டத்தான் அத்தனை முறை அலசுவது, வெளுப்பது எல்லாம். ஒரு காலத்தில் மணலை வேகமாக அடித்து வெளுத்தார்கள். அந்தத் தூசி நுரையீரலில் இறங்கி இளம் பையன்கள் சிலிகோசிஸ் வந்து செத்தார்கள். துருக்கியில் 2009இல் அதைத் தடை செய்தார்கள். ஒரு பேன்ட்டின் முழங்கால் வெளுப்பாகத் தெரிய ஒரு பையனின் மூச்சு போகணுமா?

அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது, கரும் நீலமாக, ஒரே நிறமாக, கஞ்சி மட்டும் போக ஒரு தடவை அலசிய ஜீன்ஸை வாங்குங்கள். ரின்ஸ் வாஷ் என்று கேட்டால் தெரியும். அதில்தான் நூல் முழுப் பலத்தோடு உங்கள் கைக்கு வருகிறது, தண்ணீரும் மிச்சம். உங்கள் முழங்கால் எங்கே மடங்குகிறதோ அங்கே தானாக வெளுக்கும். கிழித்து விட்டது, வெளுத்துக் கோடு போட்டது, அமிலம் தெளித்த மாதிரிப் புள்ளி வைத்தது எதையும் வேலைக்கு வாங்காதீர்கள்.

பம்ப்செட்காரன், பெருந்துறை

புரிந்ததுங்க அக்கா. கடைசியாக ஒன்று. வீட்டில் போர் தண்ணீர்தான், சோப்பு நுரையே வராது. அம்மா கல்லில் அடித்துத்தான் துவைக்கிறார்கள். அதுவும் காரணமாக இருக்குமா? ஏற்கனவே கிழிந்ததை ஒட்டுப் போட்டு ஓட்ட முடியுமா?

பாவுநூல், ஈரோடு

கல்லில் அடிப்பதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். மடிந்த இடத்தில் அடி விழுந்தால் மேலே இருக்கிற பாவு நூல் நசுங்கும், அதிலும் கவட்டை மேடுதான் கல்லில் முதலில் படுகிற இடம். எலாஸ்டேனும் அடி தாங்காது. உள்பக்கம் திருப்பி, சேறு போகக் கையால் பிரஷ் போட்டு, பச்சைத் தண்ணீரில் அலசினால் போதும். உப்புத் தண்ணீரில் பவுடர் சோப்பை அள்ளிப் போட்டால் அது துணியிலேயே படிந்து விறைக்கும், காய்ந்ததும் உரசல் கூடும். லிக்விட் சோப்பு கொஞ்சமாகப் போடுங்கள், கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு பக்கெட் நல்ல தண்ணீர் கிடைத்தால் ரொம்ப நல்லது. முறுக்கிப் பிழியாமல், இடுப்பைப் பிடித்து நிழலில் தொங்க விடுங்கள்.

ஒட்டு தாராளமாகப் போடலாம், ஆனால் கிழிந்த பிறகு கொண்டுவருவதை விட, நைந்து வெளுப்பு தெரிகிறபோதே கொண்டுவரணும். அப்போது நூல் எல்லாம் இடத்தில் இருக்கும், அடியில் துணி வைத்து மேலே பாவு போகிற திசையிலேயே நெருக்கமாகத் தையல் ஓட்டினால் வெளியே தெரியாது. கிழிந்துவிட்டால் இரண்டு பக்கமும் நைந்த துணியையும் சேர்த்து மூடுகிற மாதிரிப் பெரிய ஒட்டாகப் போடணும். கிழிசல் அளவுக்கே சின்னதாகப் போட்டால் ஒட்டின் ஓரத்தில் மறுபடியும் கிழியும். ஒட்டுத் துணி பேன்ட்டை விடக் கனமாக இருக்கக் கூடாது, கனமான ஒட்டு பக்கத்துத் துணியை அறுத்துவிடும். புதுத் துணி என்றால் ஒரு முறை நனைத்துச் சுருக்கி எடுத்துத்தான் வைக்கணும். இஸ்திரி போட்டு ஒட்டுகிற பேட்ச் கவட்டையில் நிற்காது, வியர்வையிலும் அசைவிலும் ஓரம் கிளம்பிவிடும், அதன் மேல் கட்டாயம் தையல் வேணும்.

பளபள இழை வெளியே வந்த ஜீன்ஸ் இருக்கிறதே, அதற்கு ஒட்டுப் போட்டுக் காசு செலவழிக்காதீங்க. பக்கத்துத் துணியும் சீக்கிரமே அதே மாதிரிப் பிரியும். அதன் காலில் நல்ல துணி இருக்கும், வெட்டி மற்ற ஜீன்ஸுக்கு ஒட்டாக வைத்துக்கொள்ளுங்கள். ஜிப் பித்தளையாக இருந்தால் அதையும் பிரித்து எடுத்து வையுங்கள், அடுத்த பேன்ட்டுக்கு ஆகும்.